மாதா கையில் தூங்கும் பிள்ளை

அன்பு மகன் அருளுக்கு அம்மா எழுதுவது.

மறைமலை நகருக்கும் நம் வீட்டுக்கும் ஒரு பஸ் தூரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்கிற பிள்ளைக்கு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை பூராவும் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். நீ சாப்பிட உட்கார்ந்தபோது சொல்ல வந்தேன், இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டுப் போனேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்ல வந்தேன், குடை எடுத்தாயா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பேர். அந்த வாய் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. கன்னியாஸ்திரி அம்மாக்கள் என்னைக் காதைத் திருகி ஐந்தாவது வரை படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்புக்கு இன்றைக்காவது ஒரு வேலை இருக்கட்டும்.

நம் கோயில் மாதா சுரூபம், அந்தச் சிமென்ட் சிலை, வெடித்துவிட்டது உனக்குத் தெரியும். உள்ளே வைத்த கம்பி துருப்பிடித்து உப்பி, தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கை பிளந்து கிடக்கிறது. பங்குச் சாமி புதுச் சுரூபத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடக் கூடாது, விற்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி மண்ணுக்குள் வைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அதைச் செய்துவிடலாம் என்று சாமி சொன்னபோது நீ எழுந்து நின்றாய். "வேணாம் சாமி. எங்கப்பா கையால செஞ்சது. நான் எட்த்துகினு போயி, வெல்டிங் வச்சி, பட்டி பாத்து, புதுசாட்டம் பண்ணி எங்க வூட்லயே வச்சிக்கறேன்" என்றாய். சாமியும் தலையை ஆட்டினார். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை, கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் நிற்கிற பிள்ளை, அப்பாவை மறக்கவில்லை என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வரும் வழியில் நீ இன்னொன்று சொன்னாய். "எம்மா, அந்தக் கொழந்தைக்குக் கண்ணு தொறந்து வுட்றேன். எத்தினி வருசமா தூங்கிகினே கீது! முழிச்சிகினு, கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாத்தானே வூட்டுக்குக் களை?" எனக்கு அந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது. செருப்பில் கல் என்று உன்னிடம் சொன்னேன். கல் ஒன்றும் இல்லை.

அந்தக் கண்ணைத் திறக்காதே, அருள். அது யாருடைய முகம் என்று தெரிந்தால் உன் கையில் பிரஷ் நிற்காது.

உனக்கு முன்னால் ஒன்று தவறிப்போனது என்று மட்டும் நீ கேள்விப்பட்டிருக்கிறாய். வயிற்றிலேயே கலைந்தது என்று நினைத்திருப்பாய். நாங்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கலையவில்லை. பிறந்தான். வெயில் ஏறிய பகலில், இதே வீட்டில், இதே அறையில் பிறந்தான். வலது காதின் மேல்நுனி வெற்றிலையை மடித்த மாதிரி மடிந்திருந்தது. அழவில்லை, சிணுங்கினான். பிரசவம் பார்த்த கன்னியம்மா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனால் நம் வீடுகளில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள். வாசலில் நின்ற உன் அப்பாவைக் கூப்பிட்டு, "கொழந்த நெறம் சரியில்லய்யா. உங்க ஆளுங்க தண்ணி ஊத்துவீங்களே, அத்த சட்டுனு ஊத்து" என்றாள்.

சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து என்று சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னால் போதும். உன் அப்பா ஞானோபதேசத்தில் நெட்டுருப் போட்டவர்தான். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பயந்தார். "என் வாயில சரியா வராது. ஒரு வார்த்த தப்பிச்சின்னா பலிக்காதும்மே. கோயில் உபதேசியார இட்டாந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். என் தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. பொம்பளை ஊற்றக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேதத்தில் சேராத கன்னியம்மாகூட ஊற்றியிருக்கலாம் என்பதை எல்லாம் முடிந்த பிறகு ஒரு சாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அறியாமைக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

உன் அண்ணன் கண்ணைத் திறந்தான். கூரை இடுக்கு வழியாக ஒரு சின்ன வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது. அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறந்த பிள்ளைக்குப் பார்வை தெரியாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் மூடிக்கொண்டான். உன் அப்பா உபதேசியாரைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது பிள்ளை என் பக்கத்தில் ஆறிப்போயிருந்தான். ஏரிக்கரை மேட்டில் செயின் கழன்றுவிட்டதாம். ஊர்ச் சைக்கிளுக்கெல்லாம் செயின் மாட்டுகிற மனுஷனுக்கு அன்றைக்கு அது மாட்ட வரவில்லையாம். உபதேசியார் குழந்தையின் மார்பில் கையை வைத்துப் பார்த்தார். "உசுரு இல்லாததுக்கு ஊத்தக் கூடாதுப்பா" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது, அன்றைய சட்டம் அது. கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே, ஏரிக்கரைப் பக்கம், உன் அப்பா தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். பேர் இல்லை, சிலுவை இல்லை. நாய் தோண்டாமல் இருக்க மேலே ஒரு கல். வந்து கை கால் கழுவிக்கொண்டு கடையைத் திறந்து பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் முழுதாகக் கரைக்க முடியவில்லை. அவர் செத்தும் முடியவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்.

ஒன்றிரண்டு வருஷம் போனது. நம் கோயிலில் அப்போது சுரூபம் கிடையாது, கண்ணாடி போட்ட மாதா படம் ஒன்றுதான். அதைக் கரையான் பின்பக்கமாக ஏறி முகத்தோடு தின்றுவிட்டது. திருநாளுக்கு எதைத் தேரில் வைப்பது என்று ஊர் கையைப் பிசைந்தபோது, "நாங்க செய்றோம்" என்று மூன்று பேர் கிளம்பினார்கள். உன் அப்பா, கொத்தனார் சவரிமுத்து மாமா, டெய்லர் பாக்கியநாதன். மூன்று பேரில் ஒருவர்கூட அதற்கு முன் சுரூபம் செய்ததில்லை. உன் அப்பாவுக்காவது மட்கார்டில் தாமரையும் மயிலும் போட்ட அனுபவம் உண்டு. அவர் அந்தோனியார் படம் போட்டால், கையில் குழந்தை இருப்பதை வைத்துத்தான் அந்தோனியார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தபசு காலத்தில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு ஆரம்பித்தார்கள். கள் கிடையாது, கறி கிடையாது, செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது, செபமாலை சொல்லாமல் கரண்டியைத் தொடக் கூடாது. பீடி மட்டும் விரதத்தில் சேராது என்று டெய்லர் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். கம்பி கட்டி, வைக்கோல் பிரி சுற்றி, களிமண் அப்பி, மேலே சிமென்ட் பூசினார்கள். சவரிமுத்து மாமாவுக்கு நேர்க்கோடுதான் தெரியும். "சொவுருன்னா ஒரே இழுப்புல இழுத்துடுவேன். மாதாவுக்கு இன்னாத்துக்குயா இத்தினி வளைவு?" என்று முனகிக்கொண்டே பூசினார். டெய்லருக்கு அங்கியின் மடிப்பு பிடிக்கவில்லை. "துணின்னா கீழ பாத்துத்தான் தொங்கும். உன்னுது காத்துல பறக்குற கொடியாட்டம் கீது" என்று சண்டை பிடித்து, கடைசியில் பழைய வேட்டி ஒன்றைச் சிமென்ட் பாலில் முக்கி மாதாவுக்குப் போர்த்திவிட்டார். தலைக்குப் பின்னால் இருக்கிற வட்டம் சைக்கிள் ரிம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைச் சுழற்றிப் பார்க்க ஆசைப்பட்டு உதை வாங்கியவன் நீ. கை மட்டும் பெரிதாகப் போய்விட்டது. "மாதா கையப் பாத்தியா, நாத்து நட்ட கையாட்டம் கீது" என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் அவர்களுக்கு அந்தக் கை பிடித்துத்தான் இருந்தது.

குழந்தையை மட்டும் உன் அப்பா வேறு யாரையும் தொட விடவில்லை. அதற்கான களிமண்ணை ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து கூடையில் தானே சுமந்து வந்தார். கடை வாசலிலேயே நல்ல மண் குவிந்து கிடந்தது. "இது ஆவாதா? இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மண்ணுதான் ஒட்டும்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. எந்த இடத்து மண் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. கொட்டகைக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள் ஈரத்துணியை விலக்கிப் பார்த்தேன். மாதாவுக்கு மூக்குச் சரியாக வரவில்லை, கழுத்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. குழந்தையின் முகத்தில் மட்டும் ஒரு தப்பு இல்லை. நெற்றிச் சுருக்கம், கொஞ்சம் பிரிந்த உதடு, மடிந்த காது. கண் மூடியிருந்தது. தூக்குச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் அந்தக் கண்ணைப் பார்த்ததே இல்லை. அவர் வரும் முன்பே அது மூடிவிட்டது. பார்க்காத கண்ணை அவர் எப்படிச் செய்வார்?

திருநாளுக்கு முன்தினம் சாமி மந்திரிக்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "குழந்தை யேசு ஏன் கண்ணை மூடியிருக்கிறார்?" என்று கேட்டார். "தூங்குது சாமி" என்றார் உன் அப்பா. சாமி சிரித்துவிட்டு இலத்தீனில் செபித்துத் தீர்த்தம் தெளித்தார். தண்ணீர் அந்த நெற்றியில் பட்டு, மூக்கோரமாக இறங்கியது. நான் சாமியைப் பார்க்கவில்லை, உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைந்தது. பிதா சுதன் என்று ஆரம்பித்ததை வாயசைவிலேயே கண்டுகொண்டேன். நடுவில் ஒரு பேர் சொன்னார். அவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார், அருள். சாமியின் கைத் தண்ணீரை இரவல் வாங்கி, ஒரு வார்த்தை தப்பாமல். சிமென்டுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று அவருக்குத் தெரியாதா? இது பாவமா, இதைச் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது அவரா நானா என்று புரியாமல் கொஞ்ச காலம் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகாமலே இருந்தேன். என்ன பேர் வைத்தாய் என்று மட்டும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் அவன் மறுபடியும் சாவான் என்று ஒரு பயம்.

அப்புறம் நடந்ததுதான் என்னை உருக்குலைத்தது. தூங்குகிற பாலன் என்று ஊர் அதற்குப் பேர் வைத்துவிட்டது. அழுகிற பிள்ளையின் தூளித்துணியைக் கொண்டுவந்து அந்தக் குழந்தை மேல் ஒற்றி எடுத்துக் கட்டினால் பிள்ளை அசந்து தூங்கும் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். நம் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்து வடக்குப்பட்டிலிருந்துகூட நெற்றியில் விபூதியோடு பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்தத் தூக்கம் வேண்டாமடி, இது எழுந்திருக்காத தூக்கம் என்று கத்த வேண்டும் போலிருக்கும். ஒருத்தியின் கையிலிருந்த துணியைப் பிடுங்கியே விட்டேன். அவள் என்னைச் சபித்துவிட்டுப் போனாள். பூசையில் நான் எப்போதும் தூணுக்குப் பின்னால் உட்காருவதைப் பார்த்து, கால் நீட்டச் சௌகரியம் என்று நினைத்திருப்பாய். அவன் எந்த நேரத்தில் கண்ணைத் திறந்துவிடுவானோ என்று பயம். திறக்கவே மாட்டானே என்றும் பயம்.

நீ பிறந்து, ஊரைக் கூட்டி அழுதாய். ஒரு மத்தியானம் நான் கிணற்றடியில் இருந்தபோது உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். எதிரில் ஓடி, "பச்சப்புள்ளைய எங்க எட்த்துகினு போற?" என்றேன். "கோயிலுக்குப் போயி துணிய ஒத்தி எட்த்துகினே வந்துட்டேன். தூங்கறான் பாரு" என்றார். ஆமாம், தூங்கினாய். உதடு கொஞ்சம் பிரிந்து, நெற்றி சுருங்கி. இரண்டு முகமும் ஒரே முகம். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. உன்னைப் பிடுங்கித் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். வீல் என்று கத்தினாய். அதைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உன் அப்பா தடுக்கவில்லை, திட்டவில்லை. கீழே உட்கார்ந்து அவரும் அழுதார். நாங்கள் இருவரும் உன் அண்ணனுக்காகச் சேர்ந்து அழுதது அந்த ஒரு தடவைதான். அப்போதும் அவன் பேச்சை எடுக்கவில்லை. பேச்சு வந்ததும் நீ ஒரு நாள் பீடத்தைக் காட்டி, "அந்தப் பாப்பா எப்பம்மா எழுந்துக்கும்?" என்று கேட்டாய். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு ஏரிக்கரைப் பக்கத்து நிலத்தைக் கம்பெனிக்கு வளைத்தார்கள். கல்லறை வேலிக்கு வெளியே மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணி மதில் எழுப்பினார்கள். அடையாளத்துக்கு வைத்த கல்லும் அதோடு போனது. மதில் ஏறுகிறவரை உன் அப்பா தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். வேலை கேட்டு நிற்கிறார் என்று வாட்ச்மேன் நினைத்தாராம். அந்த வருஷமே படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவரை வேலிக்கு உள்ளே வைத்தோம். இப்போதுள்ள சாமியிடம் போன மாதம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "அப்படிப்பட்ட குழந்தைகளை இப்போதெல்லாம் தாராளமாக உள்ளே அடக்கம் பண்ணலாம் அம்மா, கடவுள் அவ்வளவு கடினமானவர் இல்லை" என்றார். நல்லது. ஆனால் கொண்டுபோய் அடக்கம் பண்ணுவதற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் எதைத் தோண்டுவேன்? அவன் இருந்த மண்ணில் மிச்சம் ஒரு கூடை. அது மாதாவின் கையில் இருக்கிறது.

இப்போது புரிகிறதா, நீ எதைக் காப்பாற்றுவதாக எழுந்து நின்றாய் என்று? உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்ன அன்று எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கண் இப்படி இருக்கும், மணி கொஞ்சம் பெரிது, இமை நீளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வரைய வைத்தால் என்ன என்று நினைத்தேன். அந்தக் கண்ணைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான், கன்னியம்மாவும் போய்விட்டாள். ஆனால் திறந்துவிட்டால் அவன் மூடுவது எப்போது? உன் வரவேற்பறையில், நீ கட்டிக்கொள்ளப்போகிற ரெஜினா ஏற்றுகிற மெழுகுவர்த்திக்குப் பின்னால், வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பானா? போதும். இத்தனை வருஷம் அவனை ஆயிரம் பேர் தொட்டார்கள், எடுத்து உள்ளே படுக்க வைக்க ஒருவரும் இல்லை.

கல்யாணத்துக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், உன் சித்தி சொல்கிறாள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் வீட்டில் ஏதாவது ஒன்று கைமீறிப் போகிற நேரம் வரும். அப்போது உன்னைவிடச் சரியாகச் சொல்கிற ஆள் எங்கேயோ இருக்கிறார் என்று சைக்கிளை எடுக்காதே. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். வாய் குழறினாலும் பரவாயில்லை, நீயே ஊற்று. ரெஜினாவுக்கும் இதைச் சொல், பெண் ஊற்றினாலும் ஞானஸ்நானம்தான் என்று சொல். நான் சொல்லாமல் விட்டால் அவளுக்கும் யார் சொல்லப்போகிறார்கள்?

ஓவர்டைம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமையே வந்துவிடு. பெயின்ட் எடுத்து வராதே, கம்பி அறுக்கிற ரம்பம் எடுத்து வா. குழந்தையை மாதா கையிலிருந்து நீயே பிரித்து எடு. சுத்தியலால் யாரையும் தட்ட விடாதே. உன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி நீயே வெட்டு, முகம் மேலே பார்க்கப் படுக்க வை. துணி நான் கொண்டுவருகிறேன், அவனுக்கென்று தைத்து வைத்ததுதான், உன்னிடம்கூடக் காட்டாமல் பெட்டியின் அடியில் கிடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாமி வந்து தீர்த்தம் தெளிப்பார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பேர் சொல்ல வேண்டும். அன்றைக்கு உன் அப்பா என்ன பேர் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அதை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணனுக்குத் தம்பி பேர் வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது, இருந்தாலும் நீ வை. உன் அப்பாவைப் போல உதட்டுக்குள் முணுமுணுக்காதே. எனக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்.

அம்மா